1948 ஜூன்: காதலர்களை எந்த ஊரில் வைப்பது?

140 பக்கம் எழுதியிருந்தேன். நான் எழுதும் எதையும் கையெழுத்துப் படியிலேயே முதலில் படிப்பவள் அக்கா. இந்த முறை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாம் சரிடா. இந்த ரெண்டு பேரையும் வேற ஊர்ல வெச்சிருந்தா என்ன மாறியிருக்கும்?"

எதுவுமே மாறியிருக்காது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நான் எழுதிக்கொண்டிருப்பது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகான ஐரோப்பாவில் நடக்கும் காதல் கதை. ஒரு பெண், மொழிபெயர்ப்பாளர். அவளோடு பழகும் ஓர் ஆண். இருவருக்கும் நடுவே உளவு. வியன்னாவில் வைத்து எழுதினேன். குளிர், இடிபாடு, காப்பிக் கடை, ரோந்து ஜீப் எல்லாம் வந்திருந்தன. ஆனால் அவை நாடக மேடையின் பின்னால் தொங்கும் படுதாவைப் போலத்தான் இருந்தன. படுதாவை மாற்றினாலும் முன்னால் நிற்பவர்கள் அதே வசனத்தைத்தான் பேசியிருப்பார்கள்.

அதனால் ஊரை முதலிலிருந்து தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். இதே வகையில் எழுத நினைப்பவர்களுக்கு நான் போய்ப் பார்த்த பாதை உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு அளவுகோலாக இருந்தது அக்காவின் கேள்வியை இரண்டாகப் பிரித்த வடிவம். காதலை எடுத்துவிட்டால் உளவுக் கதை தனியாக நிற்கிறதா? உளவை எடுத்துவிட்டால் காதல் தனியாக நிற்கிறதா? இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்றால் ஊர் தப்பு. இந்த வகை நாவலில் வாசகரின் சந்தேகமும் காதலியின் சந்தேகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 'இவன் என்னை நேசிக்கிறானா, வேலையைச் செய்கிறானா?' என்று அவள் கேட்கும்போது, அந்தக் கேள்வியை அவள் வாயில் வைப்பது ஊராக இருக்க வேண்டும். எழுதுகிறவன் வைத்தால் போதாது.

ஆண்டைப் பற்றி எனக்குக் குழப்பம் வரவில்லை. 1948 ஜூன் மாதம் ஒன்றே போதும். அந்த மாதம் 18ஆம் தேதி, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரநிலை மலாயா முழுவதும். 24ஆம் தேதி பெர்லின் முற்றுகை. 28ஆம் தேதி டிட்டோவின் யூகோஸ்லாவியக் கட்சியை ஸ்டாலினின் முகாம் வெளியே தள்ளியது. பத்து நாளில் உலகம் புதிதாகக் கோடு கிழித்துக்கொண்டது. அந்தக் கோடு எந்த ஊரில் ஒரு படுக்கையறைக்குள் நுழைகிறது என்பதுதான் என் தேடல்.

முதலில் பெர்லின். உளவு நாவல் என்றதும் எல்லோர் மனமும் போவது அங்கேதான், அதற்குக் காரணமும் உண்டு. சாலை, ரயில், கால்வாய் என்று மேற்கு பெர்லினுக்கான தரைவழி எல்லாவற்றையும் சோவியத் தரப்பு அடைத்துவிட, 1949 மே 12 வரை அந்தப் பாதி நகரம் ஆகாய வழியாகப் பிழைத்தது. விமானங்கள் செப்டம்பர் வரைகூடத் தொடர்ந்து வந்தன. 2,77,000க்கும் மேற்பட்ட பயணங்கள், 23 லட்சம் டன் சரக்கு, அதில் பெரும்பங்கு நிலக்கரி. வீட்டுக்கு மின்சாரம் நாளில் சில மணி நேரம்தான். நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் எழுந்து சமைக்க வேண்டும். இதைவிட நல்ல கடிகாரம் எந்தக் கதைக்கும் கிடைக்காது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் தலைக்கு மேல் என்ஜின் சத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்தக் கடிகாரம் 20 லட்சம் பேருக்கும் பொதுவானது. என் காதலர்களுக்கென்று தனியாக எதையும் அது செய்யவில்லை. அவர்கள் பிரிந்துவிட்டாலும் விமானம் வரும், சேர்ந்திருந்தாலும் வரும். இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்களின் கையெழுத்துப் படிகளில் இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன். பெர்லின் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்டில். 1948இல் சுவர் கிடையாது. கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் நகர ரயிலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்வரலாம். சோதனை இருந்தது, பயம் இருந்தது, ஆனால் காதலர்களுக்குக் குறுக்கே கான்கிரீட் இல்லை. முள்வேலியைத் தாண்டி ஓடும் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு 1948 பெர்லினைத் தேர்ந்தெடுத்தால் வரலாறு இடம் கொடுக்காது.

ஐம்பதுகளுக்கு நகர்ந்தால் பெர்லின் வேறு ஒன்றைத் தருகிறது. அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் சேர்ந்து சோவியத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்க 450 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். 1955 மே முதல் 1956 ஏப்ரல் வரை அது ஓடியது. தோண்டும் முன்பே அந்தத் திட்டம் மாஸ்கோவுக்குத் தெரியும். திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஜார்ஜ் பிளேக் என்ற பிரிட்டிஷ் அதிகாரியே சொல்லிவிட்டிருந்தார். அவர் 1954இல் தன் அலுவலகத்திலேயே செயலராக இருந்த பெண்ணை மணந்தவர். தன் கணவர் யாருக்கு வேலை செய்தார் என்று அந்த மனைவிக்குத் தெரியவந்தது 1961இல், அவர் கைதான பிறகுதான். இதைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அது திருமணத்தின் கதை. காதல் முளைக்கிற கதை அல்ல. அந்த மனைவியின் கோணத்திலிருந்து யாராவது தமிழில் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

லண்டனைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1951 மே 25 இரவு, சோவியத்துக்கு உளவு சொல்லிவந்த பர்ஜஸ், மக்லீன் என்ற இரண்டு பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரிகள் சவுத்ஹாம்ப்டனில் கப்பல் ஏறிக் காணாமல் போனார்கள். அன்று மக்லீனுக்குப் பிறந்தநாள். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. 1953 செப்டம்பரில் அந்த மனைவியும் மூன்று குழந்தைகளோடு சுவிட்சர்லாந்திலிருந்து மறைந்து கணவரிடம் போய்ச் சேர்ந்தார். போகும்போது அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். ஆனால் லண்டனில் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. கூடவே அந்த வட்டம் மேட்டுக்குடி ஆண்களின் வட்டம், பெண்களுக்கு அதில் காத்திருப்பதுதான் வேலை. எனக்கு வேண்டிய கதாநாயகி காத்திருப்பவள் இல்லை.

பான் நகரம் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைத்தது. மேற்கு ஜெர்மனியின் சின்னத் தலைநகரம். போரில் அந்தத் தலைமுறை ஆண்களில் ஏராளமானோர் இறந்துவிட்டதால், தனியாக வாழ்ந்த பெண்கள் அமைச்சகங்களில் செயலர்களாக வேலை பார்த்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் உளவுத் தலைவர் மார்கஸ் வோல்ஃப் அந்தத் தனிமையைக் கணக்குப் போட்டார். பேச்சும் பண்பும் உள்ள ஆண்களைத் தேர்ந்து அனுப்பினார். 'ரோமியோ' என்ற பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. சோவியத் தரப்பும் இதையே செய்தது. அவர்கள் அனுப்பிய ஒருவர் 1960இல் வெளியுறவு அமைச்சகச் செயலர் ஒருவரை மணந்தார். அந்தப் பெண் கைப்பையில் கொண்டுவந்த ஆவணங்கள் மதிய உணவு நேரத்தில் படமெடுக்கப்பட்டன. 1967இல் இருவரும் பிடிபட்டபோது, தன் திருமணமே ஒரு பணியாணை என்று விசாரணை அறையில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. சிறையறையில் தூக்குப் போட்டுக்கொண்டார்.

என் அளவுகோலின்படி பார்த்தால் பான் முதல் இடம் பெற வேண்டும். காதலையும் உளவையும் அங்கே பிரிக்கவே முடியாது. ஆனாலும் நான் அதை எடுக்கவில்லை. ஒருவருக்கு எல்லாம் தெரிகிறது, இன்னொருவருக்கு எதுவுமே தெரியவில்லை. அது ஏமாற்று. ஏமாற்றுக் கதையில் வாசகர் சீக்கிரமே நீதிபதியாகிவிடுகிறார். சஸ்பென்ஸ் வேண்டுமென்றால் இரண்டு பேரிடமும் ஒளிக்க ஏதாவது இருக்க வேண்டும், இரண்டு பேரும் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். உண்மையில் வாழ்ந்த அந்தப் பெண்ணின் முடிவை ஒரு திருப்பமாகப் பயன்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

தமிழ் வாசகருக்கு எழுதுகிறவன் மலாயாவைத் தாண்டிப் போகக் கூடாது என்று நண்பர்கள் சொன்னார்கள். நியாயம்தான். ரப்பர் தோட்டங்களில் நம் ஜனங்கள் வேலை செய்துகொண்டிருந்த நாடு. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் லாய் டெக், பிரெஞ்சுக்காரருக்கும் பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் மாறி மாறி உளவு சொன்னவர். 1947இல் கட்சிப் பணத்தோடு தலைமறைவானார். அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இவ்வளவு இருந்தும் நான் ஏன் விலகினேன்? அங்கே உளவு என்பது தோட்டத்துக்குள், கிராமத்துக்குள் ஆளைக் காட்டிக்கொடுப்பதாக இருந்தது. அடையாள அட்டை, சன்மானம், முள்வேலி போட்ட புதுக்கிராமம் என்று சந்தேகம் முழுச் சமூகத்தின் மேலும் விழுந்தது. அதை இரண்டு பேரின் காதலுக்குள் சுருக்கினால் கணபதியின் தலைமுறைக்கு அநியாயம் செய்கிறோம். அது பெரிய நாவல். பல குடும்பங்கள், பல மொழிகள், 12 ஆண்டு காலம். அதற்குரிய மரியாதையோடு தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆக, மிஞ்சியவை வியன்னாவும், ஏட்ரியாடிக் கடலோரத் துறைமுகமான திரியெஸ்தேயும். நான் உண்மையில் தவித்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நான் முதலில் எழுதிய வியன்னா தப்பான வியன்னா. ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதியது. திரும்பப் படித்தபோது அந்த நகரம் என் கையெழுத்துப் படியைவிட எவ்வளவோ பெரியதாக இருந்தது. 1945 முதல் 1955 வரை நான்கு வல்லரசுகள் பகிர்ந்து ஆண்ட ஊர். நடு நகரமான முதல் வட்டாரம் மட்டும் நால்வருக்கும் பொது, பொறுப்பு மாதம் ஒருவர் கைக்கு மாறும். ஒரே ஜீப்பில் அமெரிக்கன், ரஷ்யன், பிரிட்டிஷ்காரன், பிரெஞ்சுக்காரன் என்று நான்கு சிப்பாய்கள் ரோந்து போவார்கள். நகரத்தைச் சுற்றி எந்தத் திசையில் வெளியேறினாலும் சோவியத் மண்டலம்தான். பிராட்டர் பூங்காவின் ராட்டினம் போரில் எரிந்து, 1947இல் பாதிப் பெட்டிகளோடு, முப்பதுக்குப் பதில் பதினைந்தோடு, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பிரிட்டிஷ் உளவுத்துறை 1949 முதல் அங்கே சோவியத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்டது. பெர்லின் சுரங்கத்துக்கு ஒத்திகை நடந்ததே வியன்னாவில்தான்.

இதெல்லாம் அலங்காரம். வியன்னாவின் உண்மையான பலம் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1947 பிப்ரவரி 15 அன்று சோவியத் அரசு தன் குடிமக்கள் வெளிநாட்டவரை மணப்பதைத் தடை செய்தது. ஸ்டாலின் இறந்த பிறகு, 1953இல்தான் அது நீங்கியது. அதாவது 1948 வியன்னாவில் ஒரு சோவியத் அதிகாரியும் ஓர் ஆஸ்திரியப் பெண்ணும் காதலித்தால், உளவே இல்லாவிட்டாலும் அவர்கள் உளவாளிகளைப் போலத்தான் வாழ வேண்டும். சங்கேதம் வேண்டும், பொய்ப் பெயர் வேண்டும், யாரும் பார்க்காத படிக்கட்டு வேண்டும். அந்தப் பழக்கத்தை மேற்குத் தரப்பு ஒருநாள் கண்டுபிடிக்கும். 'இவ்வளவு நன்றாக ஒளிக்கத் தெரிந்தவன் நமக்கும் பயன்படுவான்' என்று யாரோ ஒருவர் கோப்பில் எழுதுவார். நடக்காததைச் சொல்லவில்லை. சோவியத் ராணுவ உளவுத்துறையின் பியோத்தர் போப்போவ் வியன்னாவில் ஓர் அமெரிக்கரின் காருக்குள் கடிதம் போட்டுத் தானாகவே முன்வந்தவர். சி.ஐ.ஏ.வுக்குக் கிடைத்த முதல் பெரிய சோவியத் ராணுவ ஆள். அவருக்குப் பணம் தேவைப்பட்டதற்குப் பின்னால் அந்த ஊரில் ஒரு பெண் இருந்தாள். 1960இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

பெண் பக்கத்து ஆபத்துக்கு மார்கரேத்தே ஒட்டிலிங்கரை நினைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரியப் பொருளாதாரத் திட்ட அமைச்சகத்தின் உயர் அதிகாரி, வயது 29. 1948 நவம்பர் 5 அன்று தன் அமைச்சரின் காரிலேயே போய்க்கொண்டிருந்தவரை, என்ஸ் ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் சோவியத் படையினர் இறக்கிக் கொண்டுபோனார்கள். உளவு பார்த்ததாக 25 ஆண்டு முகாம் தண்டனை. 1955இல்தான் ஊர் திரும்பினார். அமைச்சரின் கார் தன் வழியில் போய்விட, அவர் மட்டும் பாலத்திலேயே நின்றுவிட்டார். அந்த ஒரு காட்சிக்காகவே நான் வியன்னாவை இரண்டாவது முறை தேர்ந்தெடுத்தேன். ஒரு மாதம் அந்த முடிவோடுதான் இருந்தேன்.

அப்புறம் திரியெஸ்தே வந்தது.

சர்ச்சில் 1946 மார்ச்சில் பேசிய 'இரும்புத்திரை' உரையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பால்டிக் கடலின் ஸ்டெட்டின் முதல் ஏட்ரியாடிக் கடலின் திரியெஸ்தே வரை என்று அவர் சொன்ன அந்தத் திரையின் தெற்கு முனை இந்தத் துறைமுகம். இத்தாலியரும் ஸ்லோவேனியரும் சேர்ந்து வாழும் ஊர். முசோலினி காலத்தில் ஸ்லோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன, குடும்பப் பெயர்கள் இத்தாலிய வடிவத்துக்கு மாற்றப்பட்டன. அதனால் 1948இல் அந்த ஊரில் பாட்டி ஒரு பெயரிலும் பேத்தி ஒரு பெயரிலும் இருப்பது சாதாரணம். உளவு நாவல்காரன் தன் பாத்திரத்துக்குப் பொய்ப் பெயர் கண்டுபிடிக்கப் பாடுபடுவான். இங்கே ஊரே இரண்டு பெயரில் இருக்கிறது.

1945 மே 1 அன்று டிட்டோவின் படை உள்ளே வந்தது. மறுநாள் நியூசிலாந்துப் படை வந்தது. 40 நாள் கழித்து யூகோஸ்லாவியர் விலகினார்கள். அந்த 40 நாளில் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. 1947 பிப்ரவரி 10இல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையின்படி அது யாருக்கும் சொந்தமில்லாத சுதந்திரப் பிரதேசம். நகரம் இருந்த 'ஏ' மண்டலத்தில் 5,000 அமெரிக்கரும் 5,000 பிரிட்டிஷாரும். தெற்கே 'பி' மண்டலத்தில் யூகோஸ்லாவியப் படை. ஐ.நா. ஒரு ஆளுநரை நியமிக்க வேண்டும். வல்லரசுகள் ஒத்துப்போகாததால் கடைசிவரை ஆளுநரே வரவில்லை. 1954 அக்டோபர் வரை இப்படியே ஓடியது. தலைவனே வராத நாட்டில் ஏழு ஆண்டுகள்! ராணுவ ஆட்சிக்கு ஒவ்வொரு நாளும் ஆங்கிலம், இத்தாலியன், ஸ்லோவேனிய மொழி மூன்றும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். என் கதாநாயகி மொழிபெயர்ப்பாளர் என்பதற்கு வியன்னாவில் நான் காரணம் தேட வேண்டியிருந்தது. இங்கே அவளை வீட்டிலேயே வந்து கூப்பிட்டுப் போயிருப்பார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொன்று. 1947 தொடக்கத்தில், யூகோஸ்லாவியாவுக்குப் போகவிருந்த போலா நகரத்திலிருந்து ஏறக்குறைய 28,000 இத்தாலியர் வீட்டுச் சாமானோடு கப்பலேறி மேற்கே போனார்கள். அதே காலத்தில் திரியெஸ்தேக்குப் பக்கத்திலுள்ள மோன்ஃபால்கோனே கப்பல் கட்டும் தளத்திலிருந்து சுமார் 2,000 தொழிலாளர்கள், அவர்களும் இத்தாலியர்தான், சோஷலிசத்தைக் கட்டப் போகிறோம் என்று மனைவி மக்களோடு கிழக்கே போனார்கள். யூகோஸ்லாவியாவின் கைக்குப் போன ஃபியூமே, போலா துறைமுகங்களின் கப்பல் தளங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரே மொழி பேசும் ஜனங்கள் எதிரெதிர்த் திசையில், இரண்டு பக்கமும் நம்பிக்கையோடோ பயத்தோடோ.

பிறகு 1948 ஜூன் 28. ஸ்டாலின் பக்கத்துக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான காமின்ஃபார்மின் தீர்மானம் டிட்டோவைத் துரோகி என்றது. திரியெஸ்தேயின் கம்யூனிஸ்டுகள் இரண்டாகப் பிளந்தார்கள். ஸ்பெயின் போரில் சண்டையிட்டுத் திரும்பிய விட்டோரியோ விடாலி ஸ்டாலின் பக்கம் நின்றார். டிட்டோ பக்கம் நின்றவர்கள் தனியே பிரிந்தார்கள். கிழக்கே போன மோன்ஃபால்கோனே தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஸ்டாலின் பக்கம். அவர்கள் இப்போது இருப்பதோ டிட்டோவின் நாடு. பலர் கைதானார்கள். சிலர் கோலி ஓடோக் என்ற மொட்டைத் தீவின் சிறைமுகாமுக்குப் போனார்கள். தப்பித்து இத்தாலிக்குத் திரும்பியவர்களை அங்கே கம்யூனிஸ்ட் என்று போலீஸ் சந்தேகித்தது. அவர்களின் சொந்தக் கட்சியோ வாயைத் திறக்க வேண்டாம் என்றது.

இதை என் இரண்டு பேரின் மேல் வைத்துப் பாருங்கள். அவன் மோன்ஃபால்கோனேயிலிருந்து ஃபியூமேக்குப் போன வெல்டர். அவள் திரியெஸ்தேயில் ராணுவ ஆட்சியின் மொழிபெயர்ப்பாளர். அவளுடைய அண்ணன் டிட்டோவின் ஆள். ஜூன் 27 வரை வெல்டர் எழுதிய கடிதங்களில் ஸ்டாலினும் டிட்டோவும் ஒரே வரியில் வருவார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜூன் 29 அன்று அதே கடிதம் ஆளைத் தீவுக்கு அனுப்பக்கூடிய சாட்சியம். எழுதியவன் மாறவில்லை. வைத்திருப்பவள் மாறவில்லை. எழுத்துகூட மாறவில்லை. அவள் மேசைக்கு எதிரே இருக்கும் பிரிட்டிஷ் அதிகாரிக்கும் உலகம் திரும்பிவிட்டது. நேற்றுவரை அவளுடைய அண்ணன் கண்காணிக்க வேண்டிய எதிரி. இன்று ஸ்டாலினோடு பகைத்த டிட்டோவிடம் வழி திறக்கக்கூடிய ஆள். 'உன் அண்ணனை ஒருமுறை பார்க்க முடியுமா?' என்று அவர் மெதுவாகக் கேட்பார். அண்ணனுக்கு உதவினால் காதலன் சிக்குவான், காதலனைக் காப்பாற்றினால் அண்ணன் சந்தேகத்துக்கு ஆளாவான்.

வியன்னாவின் சட்டம் காதலை முதல் பக்கத்திலிருந்தே குற்றமாக்குகிறது. அது நல்ல பதற்றம், ஆனால் ஒரே அளவில் ஓடும் பதற்றம். திரியெஸ்தேயின் ஜூன் 28 அதுவரை நடந்த எல்லாவற்றுக்கும் பொருளை மாற்றுகிறது. வாசகர் முதல் பாதியில் சும்மா கடந்துபோன கடிதத்தைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பார். வில்லன் யாரும் வரத் தேவையில்லை. எனக்கு முடிவு அங்கே கிடைத்தது.

தமிழில் எழுதுவதாலேயே கிடைக்கும் இன்னொரு லாபமும் உண்டு. இத்தாலிய மொழியிலும் ஸ்லோவேனிய மொழியிலும் நம்மைப் போலவே 'நீ', 'நீங்கள்' வேறுபாடு உண்டு. 'நீங்கள்' எப்போது 'நீ' ஆனது என்பதே பாதிக் காதல் கதை. அதை நாம் ஒரு விளக்கமும் இல்லாமல் எழுதிவிடலாம். அதோடு, கட்சித் தோழர்களும் தங்களுக்குள் 'நீ' என்றே பேசிக்கொள்வார்கள். ஆக, ஒட்டுக்கேட்பவனுக்கு அவள் அவனை 'நீ' என்பது காதலா, கட்சியா என்று தெரியாது. அவளுக்கே சில சமயம் தெரியாது. இந்த இடத்தை நான் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதப் போகிறேன்.

விலையும் சொல்லிவிடுகிறேன், குறைத்துச் சொல்ல மாட்டேன். வியன்னா, பெர்லின் என்றால் வாசகருக்கு ஏதோ ஒரு படம் மனதில் வரும். திரியெஸ்தே என்றால் பலருக்கும் ஒன்றும் வராது. இரண்டு மண்டலம், இரண்டு வகைக் கம்யூனிஸ்டுகள், 40 நாள் ஆட்சி இவற்றை விளக்கப் போனால் நாவல் பாடப் புத்தகமாகிவிடும். நான் வைத்திருக்கும் வழி, அவளுடைய பெயரை வைத்தே சொல்வது. அலுவலகத்தில் ஒரு பெயர், பாட்டி கூப்பிடும் பெயர் ஒன்று, அண்ணன் வேண்டுமென்றே அழுத்திச் சொல்லும் பெயர் ஒன்று. அந்த மூன்றும் யார் யார் வாயில் வருகிறது என்று கவனித்தாலே வாசகர் ஊரைப் படித்துக்கொள்வார். போரா என்ற வடகிழக்குக் காற்றும் துணைக்கு இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசும்போது ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருவில் கயிறு கட்டிவைக்கும் ஊர் அது. ஒரே கயிற்றை முன்னே பிடித்திருப்பவள் அவள், பின்னே பிடித்திருப்பவன் அவளைக் கண்காணிக்க வந்தவன் என்று எழுதினால் வேறு விளக்கம் வேண்டாம். இன்னொரு சிரமம், இன்றும் ஆறாத காயம் அது. போலாவை விட்டுப் போனவர்களின் துயரத்தை எழுதும்போது அதற்கு முன் ஸ்லோவேனியர் பட்டதை மறந்துவிட்டாலும் தப்பு, மறுபக்கம் சாய்ந்தாலும் தப்பு. இரண்டு தரப்பு எழுத்தையும் படிக்காமல் இதில் கைவைக்கக் கூடாது.

உங்களுக்கு வியன்னாதான் சரியாக இருக்கவும் கூடும். முதல் நாவலென்றால், பாத்திரங்கள் மூன்று நான்கு பேரென்றால், கதை ஒரு குளிர்காலத்துக்குள் முடிகிறதென்றால், கூச்சப்படாமல் வியன்னாவை எடுங்கள். 1947 சட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். குடும்பம், அண்ணன், கட்சி, பல ஆண்டுகள் என்று விரியும் கதையானால் திரியெஸ்தே தாங்கும்.

எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் கடைசிவரை இழுபறி. ஜூன் 28இலேயே தொடங்கினால் வேகம் வரும். ஆனால் அந்தத் தேதி எதைக் கெடுக்கிறது என்று வாசகருக்குத் தெரிந்திருக்காது. அதனால் 1947 பிப்ரவரிக்குப் போய்விட்டேன். புதிய முதல் அத்தியாயம் போன வாரம் அக்காவிடம் போயிருக்கிறது. பனி பெய்யும் ஒரு சோதனைச் சாவடி. மேற்கே போகிற லாரியில் ஒரு அலமாரியும் தையல் மெஷினும். கிழக்கே போகிற லாரியில் வெல்டரின் கருவிப் பெட்டியும் ஒரு சிவப்புக் கொடியும். இரண்டு வண்டியின் காகிதங்களையும் சிப்பாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள்.